நின்ற பிறகும் நிறுத்தக்கூடாத மாத்திரை

காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் ஓ.ஆர்.எஸ். தெரியும். குழந்தைக்கு வயிற்றால் போனால் அந்தப் பொடியைக் கரைத்துக் கொடுக்கவேண்டும் என்று பாட்டிமார்களே சொல்கிறார்கள். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பாக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்த 14 மாத்திரைகள் என்ன ஆயின என்று கேட்டால் பதில் தடுமாறும். மூன்று நாள் கொடுத்திருப்பார்கள். மலம் கெட்டிப்பட்டதும் மாத்திரை அட்டை ஃபிரிட்ஜுக்கு மேலே போய்விடும். பிறகு யாருக்கும் அதன் ஞாபகம் வராது.

மீதமிருக்கும் அந்தப் பதினொரு மாத்திரைகளுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

அது ஜிங்க் மாத்திரை. தமிழில் துத்தநாகம். வயிற்றுப்போக்கு வந்த, இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், ஓ.ஆர்.எஸ். கரைசலோடு சேர்த்து, 14 நாள் தரவேண்டும் என்பது நம் நாட்டின் அரசு மருத்துவ விதி. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை 10 முதல் 14 நாள் என்றது. இந்தியா 14 என்று எடுத்துக்கொண்டது. விதி வந்து இவ்வளவு காலம் ஆன பிறகும் வீட்டுக்குள் நடப்பது வேறு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது சுமார் 61 சதவீதம் பேருக்கு. ஜிங்க் கிடைத்தது சுமார் 31 சதவீதம் பேருக்குத்தான். இந்த எண்ணிக்கையும் ஒரு மாத்திரையாவது வாயில் போனவர்களைச் சேர்த்துத்தான். முழு 14 நாளும் முடித்தவர்கள் இதிலும் குறைவாகவே இருப்பார்கள் என்பது சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது தாய்மார்கள் சொல்வது ஒன்றேதான்: "அதான் நின்னுடுச்சே சிஸ்டர், இன்னும் எதுக்கு மாத்திரை?" நியாயமான கேள்வி. காய்ச்சல் விட்டதும் காய்ச்சல் மருந்தை நிறுத்துகிறோம், தலைவலி போனதும் அந்த மாத்திரையை விடுகிறோம். இதை மட்டும் ஏன் தொடரவேண்டும் என்பதற்குச் சரியான விளக்கம் கிடைக்காதவரை எந்தத் தாயும் நலமாக ஓடியாடும் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துக் கசப்பு மருந்து புகட்டமாட்டாள். அதனால் விளக்கத்தை முதலில் சொல்லிவிடலாம்.

குடலில் என்ன நடக்கிறது

குழந்தையின் குடலின் உட்புறம் முழுக்க மிக மெல்லிய தோல் போன்ற ஒரு படலம் உண்டு. சாப்பாட்டிலிருந்து சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சுவது அதுதான். கிருமி உள்ளே போனால் இந்தப் படலம் பல இடங்களில் உரிந்து சேதமாகிறது. உறிஞ்சவேண்டிய தண்ணீர் உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது. போதாததற்கு உடலுக்குள் இருக்கும் தண்ணீரும் உப்பும் குடலுக்குள் கசிகின்றன. புதுப் படலம் வளர்வதற்கு, செல்கள் பெருகுவதற்கு, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதற்கு ஜிங்க் தேவை. ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீராகப் போகும்போதும் உடலிலிருந்து ஜிங்கும் சேர்ந்தே போகிறது. இரும்புச்சத்தைச் சேமித்து வைத்துக்கொள்வதைப் போல ஜிங்கைச் சேமித்துவைக்க உடலில் தனி இடம் கிடையாது. அன்றாடம் உள்ளே போவதுதான் கணக்கு.

ஆகவே மூன்றாம் நாள் மலம் கெட்டிப்பட்டிருக்கலாம். குடல் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. ஏரிக்கரை உடைந்தால் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை நிறுத்துவது ஒரு வேலை, அடுத்த மழைக்குள் கரையைப் பலமாகக் கட்டுவது இன்னொரு வேலை. முதல் சில நாள் மாத்திரைகள் வயிற்றுப்போக்கின் நாளையும் தடவையையும் குறைக்கின்றன. பிற்பாதி மாத்திரைகள் கரையைக் கட்டுகின்றன. முழு அளவையும் முடித்த குழந்தைக்கு அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்புக் குறைகிறது என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் நாள் கணக்கை இவ்வளவு நீளமாக வைத்தது.

இதில் மிகைப்படுத்தவும் கூடாது. ஜிங்க் கொடுத்தவுடனே வயிற்றுப்போக்கு நிற்காது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நோய் நாள் சராசரியாக அரை நாள் குறைகிறது. உடல் மெலிந்த, சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாள் வரை குறைகிறது. அரை நாள்தானா என்று தோன்றலாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த இரவைக் கண்விழித்துக் கடந்த தாயிடம் கேட்டால் தெரியும்.

இந்த அறிவில் இந்தியர்களின் பங்கு பெரிது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மனித உடலுக்கு ஜிங்க் குறைந்தால் என்ன ஆகும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸ் நகரில் அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு வயது 21, பார்வைக்குப் பத்து வயதுப் பையன். ரொட்டியும் மண்ணும் தின்று வளர்ந்தவர். 1961இல் அவரைப் பற்றியும் அவரைப் போன்றவர்களைப் பற்றியும் பிரசாத் எழுதியபோது ஜிங்க் குறைபாடு மனிதருக்கு வரும் என்பதையே பலர் நம்பவில்லை. பிறகு டெல்லியின் கல்காஜி பகுதியில் ஏழைக் குடும்பங்களின் 937 குழந்தைகளை வைத்து சுனில் சசாவால், எம்.கே. பான் உள்ளிட்டோர் ஆய்வு செய்து 1995இல் வெளியிட்டார்கள். ஜிங்க் பெற்ற குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நீடிக்கும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்தது. ஒரு நாளில் தண்ணீராகப் போகும் தடவை 39 சதவீதம் குறைந்தது. இன்று நந்திவரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தாய் இலவசமாக வாங்கிவரும் மாத்திரைக்குப் பின்னால் கல்காஜிக் குழந்தைகளும் அவர்களுடைய பெற்றோரின் பொறுமையும் இருக்கின்றன.

எவ்வளவு, எப்படி

இரண்டு மாதம் முடிந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நாளுக்கு 20 மில்லிகிராம், ஒரு முழு மாத்திரை. இந்த இரண்டு பிரிவினருக்கும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை, 14 நாள். இரண்டு மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு வீட்டில் எந்த மாத்திரையும் வேண்டாம்; தாய்ப்பாலை விடாமல் கொடுத்தபடி உடனே மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சின்னக் குழந்தை நாளுக்குப் பலமுறை மஞ்சளாக, இளகலாகப் போவது இயல்பு, அது நோயாகாது. வழக்கத்தைவிடத் திடீரென்று தண்ணீராகப் போனால்தான் கவலை.

இப்போது ஸ்பூனுக்கு வருவோம். எவர்சில்வர் ஸ்பூனைக் கழுவி, அன்றைய அளவு மாத்திரையை அப்படியே அதில் வையுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையோ, பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலையோ, ஓ.ஆர்.எஸ். கரைசலையோ மாத்திரை மூழ்குமளவு விடுங்கள். அழுத்தி நசுக்கவேண்டாம், ஸ்பூனை மெல்ல ஆட்டினால் போதும். ஓரத்தில் நுரைத்துக்கொண்டு முக்கால் நிமிடத்துக்குள் மாவாகக் கரைந்துவிடும். குழந்தையை மடியில் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனைக் கீழுதட்டில் பதித்து, கன்னத்தின் உட்புறமாகச் சாய்த்து விடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவது கூடவே கூடாது, புரையேறிவிடும். ஸ்பூனில் அடித்தங்கிய வெள்ளைப் படிவைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுங்கள். மருந்தில் ஒரு பங்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். உடனே இரண்டு வாய் தாய்ப்பாலோ கரைசலோ கொடுத்தால் அந்த உலோகச் சுவை நாக்கில் நிற்காது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் மாத்திரையைக் கடித்தே தின்றுவிடுவார்கள்; அதுவும் சரிதான்.

பால் புட்டியில் போட்டுக் கலக்கவேண்டாம். குழந்தை பாதி பாலை மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று யாராலும் சொல்லமுடியாது.

பாதி மாத்திரை கொடுக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. மற்றப் பாதியை அடுத்த நாளைக்கு வைக்கும்போது ஈரம் படாமல் மூடி வையுங்கள். இந்த மாத்திரை தண்ணீர் பட்டால் கரைவதற்கென்றே செய்தது. மழைக்காலத்தில் சமையலறைத் திண்ணையில் திறந்தபடி வைத்தால் காலைக்குள் பொடியாகிக் கிடக்கும்.

மாத்திரை கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் இன்னொரு முறை கொடுங்கள். அதையும் எடுத்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். தொடர்ந்து வாந்தியெடுக்கும் குழந்தைக்கு ஜிங்குக்கு அவசரமில்லை. முதலில் ஓ.ஆர்.எஸ். வயிற்றில் தங்கவேண்டும், நான்கு மணி நேரம் கரைசல் போய், குழந்தை ஏதாவது சாப்பிடும் நிலைக்கு வந்ததும் மாத்திரையைத் தொடங்கலாம். வாந்திதான் ஜிங்கின் முக்கியமான பக்கவிளைவு. இந்தியாவிலும் தான்சானியாவிலுமாக 4,500 குழந்தைகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 10 மில்லிகிராமும் 5 மில்லிகிராமும்கூட 20 மில்லிகிராமுக்கு நிகராக வேலை செய்கின்றன, வாந்தி குறைகிறது என்று காட்டியது. எனவே உங்கள் குழந்தைநல மருத்துவர் 20க்குப் பதில் 10 எழுதிக்கொடுத்தால் குறைத்துவிட்டாரே என்று பதற வேண்டாம். நீங்களாக அளவை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் மாத்திரைக்குப் பதில் சிரப் கிடைக்கும்போது கவனம் இரட்டிப்பாகத் தேவை. ஜி.எஸ்.டி. சாலை நெடுக உள்ள கடைகளில் பல கம்பெனி சிரப்புகள் அடுக்கியிருக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 20 மில்லிகிராம் ஜிங்க், இன்னொன்றில் 5 மில்லிக்கு 10. பாட்டில் நிறமும் பெட்டிப் படமும் ஒரே மாதிரி இருக்கும். போன முறை 5 மில்லி கொடுத்தோம், இந்த முறையும் அதே என்று ஊற்றினால் அளவு பாதியாகவோ இரண்டு மடங்காகவோ ஆகிவிடலாம். பெட்டியைத் திருப்பி "ஒவ்வொரு 5 மில்லியிலும்" என்று தொடங்கும் வரியைக் கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். ஊற்றுவதற்குப் பாட்டிலோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். வீட்டு ஸ்பூன்கள் வீட்டுக்கு வீடு வேறு அளவு. டாக்டர் ஏற்கெனவே இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் தராமல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

14 நாளை மறக்காமல் முடிக்க எளிய வழி இருக்கிறது. முதல் மாத்திரை கொடுத்த தேதியை அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதுங்கள். பிறகு அட்டையைத் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே ஒரு சின்னப் பையில் தொங்கவிடுங்கள். காலையில் தாளைக் கிழிக்கிறவர் யாரோ அவரே மாத்திரையும் கொடுக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் அது தாத்தாதான். அம்மா வேலைக்குப் போகிற வீட்டில் இந்தப் பொறுப்பைத் தாத்தாவிடமோ அப்பாவிடமோ ஒப்படைப்பது நல்லது. நோய் நாட்களின் முழுச் சுமையும் தாயின் தலையில்தான் விழவேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மாத்திரையாகக் கொடுக்காதீர்கள். வழக்கம்போல ஒன்றே கொடுத்துத் தொடருங்கள். 14 முடிந்ததும் கட்டாயம் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் ஜிங்க் கொடுத்தால் உடலில் தாமிரச் சத்துக் குறையும்.

கரைசல் முதலில், மாத்திரை கூடவே

ஜிங்க் எவ்வளவு நல்லதானாலும் உடனடியாக உயிர் காப்பது ஓ.ஆர்.எஸ்.தான். 1971இல் வங்க எல்லையில் பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். அங்கே 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்கள்தான், மருத்துவம் படித்தவர்கள் அல்லர்.

பாக்கெட்டில் எத்தனை மில்லிக்கு என்று பாருங்கள். சுகாதார நிலையத்துப் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளர் டம்ளராகப் பிரித்துக் கரைக்காதீர்கள், முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் போடுங்கள். அளவு குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடி ஆபத்தாகும். மேலே சர்க்கரையோ எலுமிச்சையோ சேர்க்கவேண்டாம். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதிது கரையுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். நடுராத்திரி பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போட்டுக் கரைத்து விடியும்வரை சமாளிக்கலாம்.

அட்டைப்பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாக அச்சடித்து விற்ற இனிப்புப் பானங்களை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். அவற்றில் சர்க்கரை அதிகம். அதிகச் சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து நோயைக் கூட்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உரிய கலவை இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தடை விதித்தது. என்றாலும் வாங்கும் முன் பாக்கெட்டின் மேல் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் குளுக்கோஸ் பொடியும் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

வீட்டில் கேட்கும் பேச்சு

"பல்லு முளைக்குது, அதான் போகுது" என்பார்கள். பல் முளைக்கும் மாதங்களில் குழந்தை தரையில் கிடக்கும் எல்லாவற்றையும் வாயில் வைக்கும். அதனால் கிருமி போகும். பல்லின் மேல் பழியைப் போட்டுக் காத்திருந்தால் நாள் வீணாகும். "மாந்தம்" என்று மருந்து உரசி ஊற்றுவதும், "தொக்கம் எடுக்கணும்" என்று யாரிடமோ தூக்கிக்கொண்டு போவதும் இன்னும் நடக்கின்றன. குழந்தையின் தொண்டைக்குள் விரலைவிடும் எந்த வேலையும் வேண்டாம். புண்ணும் கிருமியும் சேரும்; மூச்சே அடைக்கலாம். பெரியவர்களிடம் சண்டை போடத் தேவையில்லை. "ஆகட்டும் அத்தை, திருஷ்டி சுத்திப் போடுங்க, நான் கரைசலையும் மாத்திரையையும் குடுத்துக்கிட்டே இருக்கேன்" என்று சொன்னால் வீட்டில் அமைதியும் கெடாது, மருந்தும் நிற்காது.

எல்லாவற்றையும்விடக் கெடுதலானது "வயிறு காயட்டும், ஒண்ணும் குடுக்காதே" என்பதுதான். இரண்டு நாள் பட்டினி போட்ட குழந்தையின் குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் பொருளின்றித் தவிக்கும். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அதிகமுறை கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குக் குழைந்த சாதத்தில் பருப்பும் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. இட்லி அருமையான உணவு; மாவு புளிக்கும்போது, அரிசியிலும் உளுந்திலும் ஜிங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும் பொருள் குறைகிறது. வாழைப்பழம், தயிர்சாதம், கஞ்சி எல்லாம் கொடுக்கலாம். கஞ்சி தண்ணியாக இருக்கவேண்டியதில்லை. நோய் தீர்ந்த பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும். முட்டை, மீன், கறி சாப்பிடும் வீடுகளில் அவற்றை நோயாளிப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்காதீர்கள். ஜிங்க் அவற்றில்தான் அதிகம். சைவ வீட்டில் பருப்பு, பொடித்த வேர்க்கடலை, எள்.

வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குத் தராதீர்கள். அது குடலின் அசைவை முடக்கும். கிருமி உள்ளேயே தங்கும். சின்னக் குழந்தைக்கு உயிராபத்தும் உண்டு. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். மலத்தில் ரத்தம் போவது, காலரா போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே அது தேவை. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நம் பக்கத்துத் தண்ணீர்

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை தண்ணீர் பல வழிகளில் வீட்டுக்குள் வருகிறது. தெருக்குழாய், ஆழ்துளைக் கிணறு, டேங்கர் லாரி, 20 லிட்டர் கேன். ஒன்று சுத்தமாக இருந்தால் இன்னொன்று இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் புகுந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது; குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் கொதித்தார்கள். மழை விட்ட வாரத்தில் சம்ப்பைக் கழுவிக் குளோரின் போடாமல் பயன்படுத்தாதீர்கள். கேன் தண்ணீரானாலும் ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் கொதிக்கவைத்தே கொடுங்கள். குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே ஸ்பூனைத் தொடுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் இலவசம். ரோட்டா வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கில் கணிசமான பங்கை அது தடுக்கும்.

மறைமலைநகர்த் தொழிற்சாலைகளையும் கட்டட வேலைகளையும் நம்பி ஒடிசா, பீகார், வங்கம், அசாமிலிருந்து வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றன. அவர்களுடைய குழந்தைகளுக்குத்தான் இந்த மாத்திரை அதிகம் தேவை, அவர்களுக்குத்தான் கிடைப்பதும் கடினம். முகவரிச் சான்று எதுவும் இல்லாமலே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்கும் வாங்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 2014 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் வயிற்றுப்போக்குத் தடுப்பு இயக்கம் 2024இல் இரண்டு மாதம் நடந்தது; இயக்கம் நடக்கும்போது செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடு வீடாக வருவார்கள். உங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு கொட்டகை இருந்தால் அங்கேயும் அழைத்துப் போங்கள். ஒன்று, இரண்டு, பதினான்கு என்று விரலால் காட்டி, காலண்டரில் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் வட்டமிட்டுக் கொடுத்தால் மொழி தெரியாத தாய்க்கும் புரிந்துவிடும்.

எப்போது ஓடவேண்டும்

குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில், தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து விடுங்கள். உடனே சமமானால் சரி. மெதுவாகத் திரும்பினால் நீர் வற்றத் தொடங்கியிருக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கண் குழிவிழுந்திருந்தாலும், கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தை துவண்டு கிடப்பது, கூப்பிட்டால் கண் திறக்காதது, எதையும் குடிக்க முடியாதது, குடித்ததையெல்லாம் வாந்தியெடுப்பது, மலத்தில் ரத்தம், வலிப்பு, கடும் காய்ச்சல் இவற்றில் ஒன்றிருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. அங்கன்வாடி எடை அட்டையில் மிகக் குறைந்த எடை என்று குறித்திருக்கும் குழந்தைக்கு முதல் நாளே மருத்துவரின் கண் வேண்டும். அப்படிப்பட்ட உடலுக்குக் கரைசலின் அளவே வேறு. 14 நாள் தாண்டியும் வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் அது வேறு நோயாக இருக்கலாம்.

108ஐ அழையுங்கள். பகலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். இரவில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையோ வேறு அரசு மருத்துவமனையோ, எது கிட்டத்தில் இருக்கிறதோ அது. சந்தேகம் கேட்க 104. வண்டியில் போகும்போதும் குழந்தைக்கு விழிப்பிருந்து விழுங்க முடிந்தால் கரைசலை நிறுத்தாதீர்கள், ஸ்பூனும் பாட்டிலும் கையிலேயே இருக்கட்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே போகலாம். தேதி எழுதிய ஜிங்க் அட்டையையும், வேறு மருந்து கொடுத்திருந்தால் அதன் பெட்டியையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை போனது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, எந்த மருந்து எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்பார்.